லீவு தராத மனுஷன்

அத்தியாயம் 9

போன வாரம் அறிவழகனை விருத்தாசலம் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறக்கிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். "பட்டாளத்துப் பிள்ளையை வெயிலில் நிற்க வைத்துவிட்டு உங்களுக்கு என்ன அவசரம்?" என்று பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். விட்ட பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. அறிவழகன், முப்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வருகிறான். அப்பா சிவப்பிரகாசம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு, பெர்மனென்ட், எட்டு மாதம் சர்வீஸ் பாக்கி. அம்மா கஸ்தூரி இரண்டு வருடமாக வீல்சேரில் இருக்கிறாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போன மாதிரிதான், பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக உடைந்து உடைந்து வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு பொய் சொன்னார்கள். பெண் பார்க்க வாடா என்றால் அறிவழகன் லீவு இல்லை என்பான். அதனால் "அம்மாவுக்கு சீரியஸ்" என்று யூனிட்டுக்குத் தகவல் கொடுத்தார்கள். பட்டாளத்துப் பிள்ளையை வரவழைக்க எத்தனையோ வீட்டில் செய்கிற வேலைதான், இதைப் பெரிய குற்றம் என்று யாரும் நினைப்பதில்லை. அவன் அன்ரிசர்வ்டு பெட்டியில் மூன்று நாள் நின்றுகொண்டே வந்து பார்த்தால், அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுப்பில் சொஜ்ஜி கிண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிவிட்டான். "இனிமே அம்மா செத்துட்டாங்கன்னு சேதி வந்தாலும் நான் நம்ப மாட்டேன்" என்பதுதான் வாசலில் அவன் கடைசியாகச் சொன்னது.

பதினோரு மாதம் கழித்து அம்மா நிஜமாகவே விழுந்தாள். யூனிட்டுக்குத் தகவல் போனது. சுபேதார் அவனைக் கூப்பிட்டு லீவு பார்மை நீட்டினார், விடியற்காலையில் மலையிலிருந்து வண்டி கீழே இறங்குகிறது, ஏறிக்கொள் என்றார். அறிவழகன் சிரித்தான். "வீட்டுல மறுபடியும் பொண்ணு பாக்குறாங்க சாப்" என்றான். வண்டி போய்விட்டது. பன்னிரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மரியசெல்வி அனுப்பிய ஆஸ்பத்திரிப் படம் அவன் போனில் வந்தபோது, பனி விழுந்து பாதை அடைத்திருந்தது. நாற்பதாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை வரத் துடித்தானாம், மேலதிகாரி விடவில்லையாம். அம்மா அதை நம்பிக்கொண்டிருந்தாள். அறிவழகனும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு லீவில் வந்தும் திறக்கவில்லை. இந்தத் தடவை அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ரயில் ஏறியிருக்கிறான். வந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று பெட்டி கட்டும்போதே நினைத்துக்கொண்டான். இனி நடந்ததைப் பார்ப்போம்.

---

ஜங்ஷனுக்குக் கார் எடுத்து வந்தவர் மருதமுத்து. சிவப்பிரகாசத்தோடு இருபது வருடமாக ஒரே ஷிப்டில் இருப்பவர். நல்ல மனிதர், வாயை மூடத்தான் தெரியாது.

"அப்பா எங்கண்ணே?" என்றான் அறிவழகன்.

"ஆர்ச்சுல நிக்கிறாரு தம்பி. நீ வந்து பாரு."

"யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தேனே."

"சொல்லாம இருப்பாங்களா? பதினேழு வருஷம் சும்மாவா? நம்ம ஷிப்டு ஆளுங்க அத்தனை பேரும் வந்துக்கினு இருக்காங்க."

சுரங்க நகரியத்தின் நுழைவு ஆர்ச் வந்தது. பேண்டு செட், நாலு ஆள் உயர மாலை, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து தொப்பி வைத்த ஐந்து பெரியவர்கள், ஒரு பிளெக்ஸ் பேனர். பேனரில் அறிவழகன் யூனிபார்மில் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான். அவன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இப்படி அச்சடித்திருந்தது:

பெற்ற தாய் படுக்கையில் விழுந்தபோதும் எல்லையை விட்டு அகலாத வீரமகனே, வருக வருக.

அறிவழகன் அந்த வரியை ஒரு முறை படித்தான். கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் படித்தான். கார் கதவைத் திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான் தம்பி" என்றார் மருதமுத்து, முகமெல்லாம் பல்லாக. "செகண்ட் ஷிப்டுல உக்காந்து யோசிச்சேன். எப்படி வந்திருக்கு பாரு."

சிவப்பிரகாசம் மாலையோடு வந்தார். போன லீவில் பார்த்ததைவிட இளைத்திருந்தார். மகனுக்கு மாலையைப் போட்டு, கழுத்தில் கை போட்டு இழுத்துக்கொண்டு, காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "அந்த வரி வாணாம்னு சொன்னேன்டா. கேக்கல."

ஏன் வேண்டாம் என்று சொன்னார் என்று அறிவழகன் அப்போது யோசிக்கவில்லை. பேண்டு செட்டு காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

---

பதினாறாம் பிளாக்கில் அவர்கள் குவார்ட்டர்ஸ். முன்பக்கத்துத் தோட்டத்தில் சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. கஸ்தூரியை வீல்சேரில் கொண்டுவந்து ரோஜாத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். தலை வாரி, பூ வைத்து, மாம்பழக் கலர் புடவை. எல்லாம் மரியசெல்வி செய்துவிட்டது.

ஆரத்தியும் மரியசெல்விதான் எடுத்தாள். "எங்க கோயில்ல இதெல்லாம் கிடையாது, சுத்துறது தப்பா இருந்தா சொல்லுங்கக்கா" என்று கஸ்தூரியைக் கேட்டுக்கொண்டே சுற்றினாள். கஸ்தூரி சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும் அவளுக்கு.

அறிவழகன் குனிந்தான். அம்மா இடது கையால் அவன் முகத்தைத் தடவினாள். மீசையை, கன்னத்தை, காதை.

"வந்...தியா" என்றாள். "இனி... போ... மாட்ட?"

"போக மாட்டேம்மா."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மருதமுத்து மைக்கைப் பிடித்துவிட்டார். அது கையில் கிடைத்துவிட்டால் மனிதரை நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

"தாய் விழுந்துட்டாங்கன்னு சேதி வருது. லீவு கேக்குறான் புள்ளை. மேலிடம் விடல. மனசைக் கல்லாக்கிக்கினு நின்னான் பாருங்க, அவன்தான் நம்ம அறிவு."

கைதட்டினார்கள். அறிவழகன் தரையைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல ரயிலில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தான். இத்தனை பேர் கைதட்டிய பிறகு இந்தக் கதையை எப்படி உடைப்பது?

"அடுத்ததா" என்றார் மருதமுத்து, கையிலிருந்த சீட்டைப் பார்த்து. "நம்ம தம்பி இருந்த அதே யூனிட்டுல சுபேதாரா இருந்து, போன வருஷம் ரிட்டயர்டாகி, இப்ப முத்தாண்டிக்குப்பத்துல முந்திரித் தோப்பைப் பாத்துக்கினு இருக்கிற திரு. ஜெயகணேஷ் அவர்கள் பொன்னாடை போர்த்துவார்."

தொப்பிக்காரர்களில் கடைசியாக, கேட்டை ஒட்டி நின்றிருந்தவர் திடுக்கிட்டார். தன் பெயரை வாசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சிவப்பிரகாசம் கையைக் கையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. மருதமுத்து அதையும் கைதட்டச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை பெயரைச் சொன்னார். சங்கத்துப் பெரியவர்கள் அவர் கையில் பொன்னாடையைத் திணித்து முன்னால் தள்ளினார்கள்.

"யா...ரு?" என்றாள் கஸ்தூரி.

"ஜெயகணேஷாம்க்கா. சுபேதாரு" என்றாள் மரியசெல்வி. சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் கஸ்தூரியின் வலது கையை உருவிவிடுகிறவள் அவள். அந்தப் பெயரைச் சொல்லிக் கஸ்தூரி சாபம் விடுவதை எத்தனை தடவை கேட்டிருப்பாள்.

வயிறு எரிந்து மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள் இந்தப் பக்கத்தில். சும்மா யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் பயப்படுவார்கள். கஸ்தூரி பக்கத்துத் தொட்டிக்குள் இடது கையை விட்டாள். ஒரு பிடி செம்மண்ணை அள்ளினாள். பொன்னாடையோடு நாலு அடி தள்ளி நின்ற மனிதரின் மேல் வீசினாள். வெள்ளைச் சட்டையில், பொன்னாடையில், மீசையில் எல்லாம் மண்.

பேண்டு செட்டுக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"அஞ்சு... நாளு" என்றாள் கஸ்தூரி. ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. "அஞ்சு நாளு... விட்டா... என்னா? உனக்கு... அம்மா... இல்ல?"

ஜெயகணேஷ் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. அறிவழகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். மைக் ஒரு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. 'அவர் லீவு கொடுத்தாரும்மா, நான்தான் வரல' என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகப்போகிறது? அறிவழகன் சொல்லவில்லை. எனக்கே அவன் மேல் கோபம்தான். துப்பாக்கிக்கு முன்னால் பதினேழு வருஷம் நின்றவனுக்கு, அம்மாவுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அவர் கேட்டைத் தாண்டும்வரை மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

---

தெருமுனையில் டூவீலரை உதைத்துக்கொண்டிருந்தார் ஜெயகணேஷ். அறிவழகன் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"சாப். சாப்பிடாமப் போறீங்க."

"இன்னொரு நாளைக்கு வர்றேன்."

"உங்க பேரு எங்கம்மாவுக்கு எப்படித் தெரியும் சாப்? எனக்கு இது தெரியவே தெரியாது. அதிகாரி விடலைன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. யாருன்னு நான் கேட்டதில்ல."

"உங்கப்பா சொல்லியிருக்காரு. நான் ரிட்டயர்டாகி வந்ததும் எனக்குப் போன் பண்ணி அழுதாரு. வேற எந்தப் பேரும் வாயில வரலைங்க, மன்னிச்சுக்குங்கன்னாரு. சரி, நான் அந்தப் பக்கமே வரலைங்கன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு நீ வர்றன்னதும் மனசு கேக்கல. ஆர்ச்சுல கை குடுத்துட்டுத் திரும்பிடலாம்னுதான் வந்தேன். சங்கத்து ஆளுங்க விடல, இழுத்துக்கினு வந்துட்டாங்க."

"அப்பாவுக்கு உங்க பேரு எப்படி..."

"அதை அவரையே கேளு."

அறிவழகன் அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிடப் போனான். அவர் கையை விலக்கினார்.

"நான் இப்பவே உள்ள போயி அம்மாகிட்ட சொல்லிடறேன் சாப்."

"எதுக்கு? உன் மனசு லேசாவணும்னா?" ஜெயகணேஷ் குரலை உயர்த்தவில்லை. "எம்புள்ள வரத் துடிச்சான், விடலன்னு நெனச்சுக்கினு ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க. அவங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கப் போறியா?"



வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஜெயகணேஷ் கிளம்பாமல் கொஞ்ச நேரம் ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். யூனிட்டில் ஆயிரம் பேரை அதட்டிய மனிதர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் அம்மாகிட்ட சொல்லிப் பாரு. என்னை என்ன வேணா சொல்லட்டும். புள்ளைங்களை மட்டும் விட்டுடச் சொல்லு. பெரியவ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இந்த வாரம் தேதி குடுத்திருக்காங்க. அதான் கொஞ்சம்..."

முடிக்காமலே போய்விட்டார்.

---

பந்தலில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை யாரும் பேசவில்லை, அதனால் எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். சிவப்பிரகாசம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கேட்டரிங் ஆட்கள் நாலு பேர் இருக்கும்போது அவருக்கு அந்த வேலை தேவையே இல்லை. மகன் வந்து வாளியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பின்பக்கத்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஜெயகணேஷ் சாப் பேரு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

சிவப்பிரகாசம் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"அப்பா."

"அவரு அன்னிக்கே போன் பண்ணாரு" என்றார். "அம்மா ஆஸ்பத்திரியில. நான் வராண்டாவுல நிக்கிறேன். லீவு பாரம் எழுதி வெச்சுட்டேன், உங்க பையன் நம்ப மாட்டேங்குறான், சிரிக்கிறான், நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, நான் லைன் குடுக்கறேன்னாரு."

அப்பாவுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். மூன்று லீவிலும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, குழம்பு போதுமாடா என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

"நீங்க ஏம்ப்பா பேசல?"

"எந்த வாயால பேசறது? ஒரு தடவ பொய் சொல்லி உன்னை மூணு நாளு நிக்க வெச்ச வாய்தானே இது. நான் பேசினா நீ இன்னும் சிரிச்சிருப்ப. அந்தச் சிரிப்பைக் காதால கேக்கற தெம்பு எனக்கு அன்னிக்கு இல்லடா. வாணாங்க, விட்டுடுங்கன்னு போனை வெச்சுட்டேன்."

"விட்டுடுங்கன்னா சொன்னீங்க?"

"சொன்னேன். அதுதான் நான் பண்ண ரெண்டாவது தப்பு." குழாயை மூடினார். "அவ வாசலையே பாத்துக்கினு கெடந்தா. வர மாட்டேன்னு சொல்லிட்டான்னு எப்படிச் சொல்றது? விடலைன்னேன். யாருன்னா. வாயில அந்தப் பேருதான் நின்னுக்கினு இருந்துச்சு, சொல்லிட்டேன். அவ இப்படிப் புடிச்சுக்குவான்னு எனக்குத் தெரியாது."

"அவரு பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம்ப்பா."

சிவப்பிரகாசம் நிமிர்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா, துடைக்கிறாரா என்று தெரியவில்லை.

"நான் அம்மாகிட்ட சொல்லப்போறேன்" என்றான் அறிவழகன்.

"சொல்லாதடா. தாங்க மாட்டா."

"அந்தப் பொண்ணு மேல மண்ணு கெடக்குது, என்னைச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

---

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. கஸ்தூரி உள் அறையில் இருந்தாள். மரியசெல்வி எண்ணெய் தொட்டு அவள் வலது கையை உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். கஸ்தூரிக்கு முகத்தில் ஒரு தெளிவு. ரொம்ப நாள் பாரத்தை இறக்கி வைத்த முகம்.

"கை... வீசி...னேன்" என்றாள் மகனைப் பார்த்து. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பா...த்தியா?"

"பாத்தேம்மா."

அறிவழகன் தரையில் உட்கார்ந்தான். அவள் காலைப் பிடித்துக்கொண்டான். ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் கைக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னான்.

"அம்மா. ஜெயகணேஷ் சாப் லீவு குடுத்தாரும்மா. பாரம் எழுதி வெச்சுக்கினு என்னைக் கூப்பிட்டுக் குடுத்தாரு. நான்தான் வரல. நீங்க மறுபடியும் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். சிரிச்சேம்மா. அவரு முன்னாடி நின்னு சிரிச்சேன்."

மரியசெல்வியின் கை நின்றுவிட்டது.

கஸ்தூரி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரியவில்லையோ என்று அவன் மறுபடியும் சொல்ல வாயெடுத்தான். அவளுக்குப் புரிந்திருந்தது.

"வண்டி..." என்றாள். "வண்டி... இருந்து...ச்சா?"

இங்கே ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். வண்டி இல்லைம்மா, இருந்தாலும் வந்திருக்க முடியாது என்று. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

"இருந்துச்சும்மா. விடியற்காலையில கெளம்புச்சு. எனக்கு எடம் போட்டு வெச்சிருந்தாங்க."

அவள் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். சிவப்பிரகாசம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்...களுக்கு?" என்றாள். "தெரி...யும்?"

முப்பத்தேழு வருடம் குடித்தனம் பண்ணிய மனுஷன், அந்த ஒரு சொல்லுக்குத் தரையைப் பார்த்தார். அதுவே பதில்.

கஸ்தூரி அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது மூன்று பேருக்கும். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். நக இடுக்கில் இன்னும் செம்மண் இருந்தது. அதைப் புடவையில் தேய்த்தாள்.

"அவ...ரு வூட்ல... சின்னப் புள்ளைங்க..."

"பெரிய பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காம்மா. இந்த வாரம். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, புள்ளைங்களை விட்டுடச் சொல்லுன்னு."

அவ்வளவுதான். கஸ்தூரி இடது கையை மறுபடியும் புடவையில் போட்டுத் தேய்த்தாள். ரெண்டு வருஷம். காலையும் மாலையும். எந்தெந்தப் பேச்சுப் பேசியிருப்பாள், எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டிருப்பாள் என்று அவளுக்கும் மரியசெல்விக்கும்தான் தெரியும்.

"செல்வி" என்றாள். "ஆட்டோ."

"எங்கக்கா?"

"முத்தாண்டி... குப்பம்."

"இப்பவா? நாளைக்குக் காலையில..."

"இப்ப."

அறிவழகன் எழுந்தான். "நான் கூட்டிக்கினு போறேம்மா. நானும் வந்து அவர்கிட்ட..."

கஸ்தூரி இடது உள்ளங்கையை அவனுக்கு நேரே காட்டினாள்.

"நீ... வாணாம்."

சிவப்பிரகாசம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்...களும்... வாணாம்."

மரியசெல்வியும் அவள் கணவர் ஆரோக்கியதாசும் சேர்ந்துதான் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். காலைப் பிடிக்கப் போன மகனின் கையை அவள் தட்டிவிட்டாள். பலமாக இல்லை, ஆனால் தட்டிவிட்டாள். ஆட்டோ கிளம்பி பிளாக் முனையில் திரும்பும்வரை ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

---

அப்பாவும் பிள்ளையும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாமியானாவை அவிழ்க்கிற சத்தம். பெட்டியை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை, வாசற்படியிலேயே கிடந்தது. நாலரை ஆயிற்று. சிவப்பிரகாசம் இரண்டு தடவை எழுந்து போய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான் அறிவழகன்.

"திட்டுவா. வந்து திட்டுவா." சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை. பிறகு கேட்டார். "அன்னிக்கு அந்த வண்டியில ஏறியிருந்தா நீ எப்ப வந்திருப்ப?"

அறிவழகன் யோசிக்கவில்லை. அந்தக் கணக்கை அவன் எத்தனையோ தடவை போட்டுவிட்டான்.

"செவ்வாய்க்கிழமை சேதி வந்துச்சு. புதன்கிழமை காலையில வண்டி. சனிக்கிழமை சாயங்காலம் இங்க இருந்திருப்பேன்."

சிவப்பிரகாசம் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன்" என்றார். "மொதல்ல விழுந்தப்ப அவளுக்குக் கையும் காலும்தான் போச்சு. பேச்சு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டாவது தடவ வந்துதே, அதுலதான் நாக்கு போச்சு. அது வரைக்கும் நல்லாத்தான் பேசினா."

அறிவழகன் அப்பாவைப் பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை. ஒரு நாள்கூட முழுசாக இல்லை. ஆனால் இருந்தது.

"யாருமே என்கிட்ட சொல்லலையே."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். செல்விகிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தேன்."

"என்னப்பா பேசினாங்க?"

"உன்கிட்ட சொல்லணும்னு ஒண்ணு சொன்னா. சனிக்கிழமை, உனக்காகக் காத்துக்கினு இருந்துட்டு, நீ வரலன்னதும் என்னை உக்கார வெச்சுச் சொன்னா. மறக்காம அப்படியே சொல்லணும்னு ரெண்டு தடவ சொன்னா."

"சொல்லுங்கப்பா."

சிவப்பிரகாசம் மறுபடியும் கேட்டைப் பார்த்தார். தெருவில் ஆட்டோ எதுவும் வரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "இப்ப எப்படிடா சொல்றது? அவ வரட்டும். இன்னமும் அதே மனசு இருக்கான்னு அவளைக் கேட்டுக்கினுதான் சொல்லணும்."